மீட்டருக்கு என்ன தெரியும்?



ஆட்டோமொபைல் டிபார்ட்மெண்ட் பையன் ஒருவனை நடுராத்திரியில் தட்டி எழுப்பி, "பெட்ரோல் எஞ்சினுக்கு ஏர்-ஃப்யூயல் ரேஷியோ என்னடா?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே "14.7-க்கு 1" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அது இரண்டு மார்க் கேள்வி. எழுதினால் இரண்டு மார்க் நிச்சயம். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி, ஓடுகிற எஞ்சினில் கை வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிவில், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மீட்டர் பார்த்து வேலை செய்யப் போகிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் ப்ராஜெக்ட் பேட்சில் நான்கு பேர். பெயர் எழுதினால் நாளைக்கு இண்டர்வியூவில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருவன் 'கணக்கு'. இன்னொருவன் 'ஸ்பேனர்'. மூன்றாமவன் 'சந்தேகம்'; வாத்தியார் "குட்மார்னிங்" சொன்னால்கூட "எதனால சார்?" என்று கேட்பவன். நான்காவது ஆள் நான். எனக்கு வைத்த பெயரை அச்சில் ஏற்ற மலர்க்குழு சம்மதிக்காது.

டர்போசார்ஜர் வைத்த பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எத்தனாலுக்கு ஏற்ற மாதிரி டியூன் செய்வது. இதுதான் எங்கள் தலைப்பு. கைடு சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏம்ப்பா, ஆட்டோமேட்டிக் ஜாக்கி, சோலார் சைக்கிள்னு ஏதாவது பண்ணிட்டுப் பேசாம பாஸ் ஆகலாம்ல?" என்றார். 'சந்தேகம்' திருப்பிக் கேட்டான்: "சார், நீங்க காலையில வண்டிக்குப் போட்டது பெட்ரோலா?" சார் முறைத்தார். ஆனால் கேள்வி நியாயமானது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்குகளுக்கு வந்தது. 2030-க்குள் என்று முதலில் வைத்த இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025-லேயே நாடு முழுக்க 20 சதவிகிதக் கலப்பு எட்டப்பட்டுவிட்டது. ஐந்து லிட்டர் போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். நாம் படிக்கிற புத்தகமோ இன்னும் சுத்த பெட்ரோலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சரி, எஞ்சின் எங்கே? லேபில் இருப்பதெல்லாம் நம் அப்பா காலத்து எஞ்சின்கள். டர்போ என்றால் சார்ட்டில்தான் பார்க்கலாம். பைபாஸ் ரோட்டில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் ஸ்பேனர் லீவு நாட்களில் வேலைக்குப் போவான். அங்கே விபத்தான கார் ஒன்றிலிருந்து இறக்கிய எஞ்சின் கிடந்தது. மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர், டர்போ; இன்ஜெக்டர்கள் இன்டேக் பாதையில் இருக்கும் வகை. ஜூன் மாதம் அதை விற்றுத் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது அண்ணன் போட்டிருந்த கணக்கு. இரண்டு மாதத்துக்குத் தருகிறேன் என்றார். தரும்போது ஒன்று சொன்னார்: "தம்பிங்களா, பிஸ்டன்ல ஓட்டை விழுந்துச்சுன்னா அது பிஸ்டன்ல விழுந்த ஓட்டை இல்ல. என் வீட்டு உலையில விழுந்த ஓட்டை. பாத்துக்குங்க."

வாடகை கேட்கவில்லை. "இ20 வந்ததுலேர்ந்து வர்றவனெல்லாம் மைலேஜ் போச்சு, மைலேஜ் போச்சுங்கிறான். உண்மையிலேயே எவ்ளோ போகும், ஏன் போகும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டுப் போங்க, அது போதும்" என்றார். ஆக எங்களுக்கு இரண்டு கடன். ஒன்று எஞ்சின், இன்னொன்று பதில்.

முதலில் கணக்கு. ஒரு எத்தனால் மூலக்கூறு முழுசாக எரிய மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். எடையில் பார்த்தால் 46 கிராம் எத்தனாலுக்கு 96 கிராம் ஆக்சிஜன். காற்றில் எடைப்படி ஆக்சிஜன் சுமார் 23.2 சதவிகிதம். ஆக 96 கிராம் ஆக்சிஜனுக்கு 414 கிராம் காற்று. 414-ஐ 46-ஆல் வகுத்தால் 9. பெட்ரோலுக்கு 14.7, எத்தனாலுக்கு 9. அவ்வளவுதான், முதல் வருஷ கெமிஸ்ட்ரி. எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் வெளிக்காற்றைக் குறைவாகக் கேட்கிறது. கலப்பு எரிபொருளுக்கு இரண்டின் எடைப்படி சராசரி எடுத்தால் இ20-க்கு சுமார் 13.5 வரும், 85 சதவிகிதம் எத்தனால் உள்ள இ85-க்கு சுமார் 9.8 வரும்.

இதிலிருந்து ஒரு சந்தேகம் வர வேண்டும். யாருக்கு வந்திருக்கும்? அவனுக்குத்தான். "அதே காத்துக்கு எரிபொருள் அதிகம் ஊத்தணும்னா, எத்தனால் பவர் இல்லாத சரக்குதானே?" ஒரு கிலோ பெட்ரோல் சுமார் 43 மெகாஜூல் தருகிறது, எத்தனால் 27-க்குக் கொஞ்சம் கீழே. உண்மைதான், கிலோ கணக்கில் எத்தனால் ஏழை. ஆனால் எஞ்சின் சுவாசிப்பது காற்றை. ஒரு கிலோ காற்றோடு பெட்ரோல் சேர்ந்து எரிந்தால் 43-ஐ 14.7-ஆல் வகுக்க 2.9 மெகாஜூல். எத்தனால் என்றால் 27-ஐ 9-ஆல் வகுக்க 3. கிட்டத்தட்ட சமம், ஒரு முடி எத்தனால் பக்கம் அதிகம். டேங்கில் நஷ்டம், சிலிண்டருக்குள் நஷ்டம் இல்லை.

டர்போ எஞ்சினுக்கு இதற்கு மேல் லாபமும் உண்டு. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதன் மறுமுனையால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற பம்ப். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றும் அழுத்தமும் சேர்ந்தால் பெட்ரோல் கலவை, பிளக் தீப்பொறி தொடங்கிய தீ வந்து சேருவதற்கு முன்பே ஓரத்தில் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். டர்போ எஞ்சினுக்கு எமன் அதுதான். எத்தனால் இங்கே இரண்டு உதவி செய்கிறது. அதன் ஆக்டேன் அளவு ஏறக்குறைய 108. தவிர, ஆவியாகும்போது அது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; கிலோவுக்கு சுமார் 900 கிலோஜூல். பெட்ரோலுக்கு 350 அளவுதான். ஊற்றுவதும் அதிகம் என்பதால் ஒரே அளவு காற்றுக்கு எத்தனால் தரும் குளிர்ச்சி பெட்ரோலைப் போல நாலு மடங்கு. கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே சமாச்சாரம் சிலிண்டருக்குள்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. ஸ்வீடனில் சாப் கம்பெனி 2005-ல் கொண்டுவந்த 9-5 பயோபவர் கார் ஒரு 2 லிட்டர் டர்போ. பெட்ரோலில் 150 குதிரைத்திறன். அதே எஞ்சின் இ85-ல் 180. எரிபொருளைப் பொறுத்து இக்னிஷனையும் பூஸ்ட்டையும் கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். சாப் 2011-ல் திவாலாகிவிட்டது. ஆனால் அந்தப் பாடம் திவாலாகவில்லை. பிரேசிலில் 2003 முதலே எத்தனால், பெட்ரோல் இரண்டையும் எந்த விகிதத்திலும் குடிக்கிற ஃபிளெக்ஸ் கார்கள் ஓடுகின்றன.

அடுத்தது இன்ஜெக்டர் கணக்கு. 'கணக்கு' இதை எங்கள் லேப் கரும்பலகையில் எழுதிப் போட்டான், கடைசி வரை யாரும் அழிக்கவில்லை. 6000 ஆர்.பி.எம்.-ல் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற 20 மில்லிசெகண்ட். ஒரு சிலிண்டருக்கு எரிபொருள் ஊற்ற மொத்தம் இருக்கும் நேரம் இதுதான். இ20-ல் முழு பூஸ்ட்டில் இன்ஜெக்டர் 12 மில்லிசெகண்ட் திறந்திருந்தது. இ20-லிருந்து இ85-க்குப் போனால் கொள்ளளவில் சுமார் 33 சதவிகிதம் கூடுதலாக வேண்டும். அப்படியானால் 16 மில்லிசெகண்ட். இருபதுக்குப் பதினாறு, அதாவது 80 சதவிகிதம். இன்ஜெக்டரை 85-க்கு மேல் திறந்து வைத்தால் மூடித் திறக்க நேரம் இருக்காது, அளவு நம் கட்டுப்பாட்டில் நிற்காது. பழைய இன்ஜெக்டரே போதும் என்று தெரிந்ததும் கேண்டீனில் டீ பார்ட்டி; புது இன்ஜெக்டர் வாங்க எங்களிடம் ஏது பணம்?

கம்பெனி ஈ.சி.யு.வைத் திறந்து மாற்ற முடியாது என்பதால் ஸ்பீடுயினோ என்ற ஈ.சி.யு.வைக் கட்டினோம். சர்க்யூட்டும் மென்பொருளும் யாருக்கும் திறந்து கிடப்பவை; நம் எலக்ட்ரானிக்ஸ் பசங்க மினி ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் உட்காரும். சால்டரிங் உதவி செய்த இ.சி.இ. நண்பர்களுக்கு இந்த மலர் வழியாக நன்றி.

எத்தனால் வாங்கிய கதை தனிக்கதை. அனுமதி இல்லாமல் ஒரு லிட்டர்கூடக் கையில் வைக்கக் கூடாத பொருள். பிரின்சிபால் கடிதம், லேப் கணக்கு, ரிஜிஸ்டர், பூட்டு என்று எல்லாம் முடிந்து 20 லிட்டர் வந்து சேர மூன்று வாரம். ஸ்டோரிலிருந்து லேபுக்குக் கேனைத் தூக்கிவந்த அன்று மெக்கானிக்கல் பசங்க வராண்டாவில் நின்று "மச்சான், சைட் டிஷ் எங்கடா?" என்று கத்தினார்கள். அது விஷம் கலந்த டீனேச்சர்டு சரக்கு. குடித்தால் உயிர் போகும் என்பதைக் கேனின் மேல் சிவப்பு பெயிண்டில் எழுதிவைத்தோம். இன்னொன்றும் இதைத் தொடுகிற ஜூனியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனால் தீ வெளிறிய நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தீயணைப்பான் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

20 லிட்டர் எத்தனாலோடு 4.6 லிட்டர் பங்க் பெட்ரோல் சேர்த்தால் இ85. பங்க் பெட்ரோலில் ஏற்கனவே 20 சதவிகிதம் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கலவை சரிதானா என்று பார்க்கும் சென்சார் விலை எங்கள் பட்ஜெட்டுக்கு மேலே. அதனால் கெமிஸ்ட்ரி லேபிலிருந்து 100 மி.லி. மெஷரிங் சிலிண்டர் ஒன்றைக் கடன் வாங்கினோம். 50 மி.லி. தண்ணீர், 50 மி.லி. எரிபொருள், மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் நிற்க விட வேண்டும். எத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும். பெட்ரோல் மட்டும் மேலே மிதக்கும். மேலே நிற்கிற மி.லி.யை இரண்டால் பெருக்கினால் பெட்ரோல் சதவிகிதம் ஏறக்குறையத் தெரியும். பங்க் பெட்ரோலில் மேலே 40 நின்றது. எங்கள் கலவையில் ஏழரை. ஒவ்வொரு தடவை எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பும் இந்தச் சோதனை என்று சட்டம் போட்டவன் 'சந்தேகம்'. "நேத்துதானே பாத்தோம்?" என்று ஸ்பேனர் சலித்துக்கொள்வான். "நேத்து பாத்தது நேத்து பெட்ரோல்" என்பான் அவன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எக்ஸாஸ்ட் பைப்பில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டி, டேஷ்போர்டு மாதிரி ஒரு பலகையில் மீட்டர் வைத்திருந்தோம். எண் குறைந்தால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். எண் கூடினால் லீன், அதாவது காற்று அதிகம். பூஸ்ட்டில் லீனாக ஓடினால் வெப்பம் ஏறி அண்ணன் பயந்த ஓட்டை விழும். இ85 ஊற்றி முதல் தடவை ஸ்டார்ட் செய்தோம். ஐடிலிங்கில் மீட்டர் காட்டியது 14.7.

கரும்பலகையில் 9.8 என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 14.7! ஸ்பேனர் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்துடா! செம லீன்! 9.8 வர்ற வரைக்கும் ஊத்து, இல்லேன்னா பிஸ்டன் போயிரும்!" கைடு சாரும் ஒரு நிமிஷம் யோசித்தார். எஞ்சினோ பூனை மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. லீனாக ஓடுகிற எஞ்சின் அப்படியா ஓடும்?

எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசினோம். கேள்வி ஒன்றே ஒன்று: அந்த மீட்டருக்கு என்ன தெரியும்? எக்ஸாஸ்ட்டில் இருக்கிற சென்சார் பெட்ரோலைப் பார்த்ததில்லை, எத்தனாலைப் பார்த்ததில்லை. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமா, அல்லது மிச்ச எரிபொருளுக்கு ஆக்சிஜன் பற்றாக்குறையா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இரண்டும் இல்லாமல் சரிசமமாக எரிந்தால் அது சொல்வது 'ஒன்று'. இந்த ஒன்றுக்குப் பெயர் லாம்டா. பெட்ரோலோ எத்தனாலோ, சரிசமமாக எரிந்தால் லாம்டா 1 தான். மீட்டர் செய்தவர் நாம் பெட்ரோல்தான் போடுவோம் என்று நினைத்து, அந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறார். ஆக மீட்டர் 14.7 காட்டியதற்கு அர்த்தம் லாம்டா 1. இ85-ல் அதுவே உண்மையான 9.8. எஞ்சின் லீன் இல்லை, கச்சிதம்.

ஸ்பேனர் சொன்ன மாதிரி மீட்டர் முள்ளை 9.8-க்குக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? லாம்டா 0.67, உண்மையான விகிதம் 6.5. பிளக் நனைந்து மிஸ்ஸாகும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலம் கழுவிக்கொண்டு போகும். மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். பிஸ்டனைக் காப்பாற்றப் போய் ரிங்கைத் தின்றிருப்போம். அவனைக் குறை சொல்லவில்லை. அவன் பயந்தது அண்ணனுடைய எஞ்சினுக்காக. ஆனால் பயத்துக்கும் சரியான அலகு வேண்டுமே!

அன்றைக்கே மீட்டரின் செட்டிங்கை மாற்றி லாம்டா காட்டும்படி வைத்தோம். அதற்கப்புறம் சண்டையே இல்லை. சாதாரண ஓட்டத்தில் 1, பூஸ்ட்டில் 0.80. பழைய கணக்கில் இந்த 0.80-ஐ பெட்ரோலுக்கு 11.8 என்பார்கள், இ85-க்கு 7.8 என்பார்கள். யாருக்கு ஞாபகம் இருக்கும்? 0.80 என்றால் இருபது சதவிகிதம் காற்று குறைவு, எந்த எரிபொருளுக்கும்.

பிறகு பதினைந்து நாள் ஹைட்ராலிக் டைனமோமீட்டரோடு மல்லுக்கட்டினோம். நாக் சென்சாரை ஒரு ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து ஹெட்ஃபோனில் கேட்பது ஸ்பேனர் வேலை. டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வந்தால் கையைத் தூக்குவான். உடனே த்ராட்டிலை மூட வேண்டும். இ20-ல் 0.7 பார் பூஸ்ட்டில் இக்னிஷன் 14 டிகிரிக்கு மேல் போனதும் கையைத் தூக்கிவிட்டான். இ85-ல் 20 டிகிரி வரை அசையவில்லை, பாட்டுக் கேட்கிறவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான். இருபதில் நிறுத்திக்கொண்டோம்; அதற்கு மேல் வைத்தும் டார்க் ஏறவில்லை. ஏறாத இடத்துக்கு மேல் ஏற்றுவது பேராசை. ஒவ்வொரு நாள் முடிவிலும் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அண்ணனே இரண்டு தடவை வந்து பார்த்தார்.

ரிவ்யூ நாள் வந்தது. வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து அடுத்த பேட்ச் ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து நாங்கள். 'சந்தேகம்' வழக்கம்போல சிலிண்டரைக் குலுக்கினான். மேலே ஏழரை மி.லி. நிற்க வேண்டிய இடத்தில் 30 மி.லி. நின்றது! மறுபடி குலுக்கினான், மறுபடி முப்பது. விசாரித்தால், காலையில் நல்லெண்ணம் உள்ள யாரோ ஒருவர், கேனில் மூன்று லிட்டர்தான் இருக்கிறது, பசங்களுக்குப் பத்தாதே என்று ஏழு லிட்டர் பங்க் பெட்ரோல் ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார். இ85 இப்போது இ40.

இந்த இடத்தைக் கவனியுங்கள் நண்பர்களே. அந்த எரிபொருளை அப்படியே ஓட்டியிருந்தால் லாம்டா மீட்டர் எங்களைக் காட்டிக்கொடுத்திருக்காது. இ85-க்கு வைத்த அளவு இ40-க்குக் கூடுதல். மீட்டர் ரிச் என்று காட்டும், ஈ.சி.யு. நாங்கள் அனுமதித்த 15 சதவிகிதம் வரை தானே குறைத்துக்கொள்ளும். மீதி கொஞ்சம் ரிச். "ரிச்தானே, ஆபத்து இல்ல" என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இக்னிஷன் 20 டிகிரியில், பூஸ்ட் 0.7-ல் நிற்கிறது, அதைத் தாங்குகிற எத்தனாலில் பாதிக்கு மேல் இல்லை. எந்த எரிபொருளானாலும் உண்மை சொல்லும் என்பது மீட்டரின் பலம். எது எரிபொருள் என்று அதற்குத் தெரியாது என்பதே அதன் பலவீனம். அந்த இடைவெளியில்தான் பிஸ்டன் போகும்.

பத்து நிமிஷம் இருந்தது. ஸ்பேனர், "ஒரே ஒரு தடவை ஃபுல் பூஸ்ட் காட்டிட்டு நிறுத்திரலாம்டா, மார்க்கு போயிரும்" என்றான். யாருக்குத்தான் ஆசை இல்லை? மூன்று மாத உழைப்பு. ஆனால் எஞ்சின் எங்களுடையது இல்லை. இக்னிஷனை இ20 அளவுக்கு இறக்கினோம். பூஸ்ட்டை வேஸ்ட்கேட் ஸ்பிரிங் அளவோடு நிறுத்தினோம். எரிபொருளை இ20 அளவுக்கு மேல் எட்டரை சதவிகிதம் மட்டும் கூட்டினோம். இ40-க்கு அதுதான் கணக்கு. எக்ஸாமினர் வந்தார். எஞ்சின் ஓடியது, லாம்டா சொன்ன இடத்தில் நின்றது. "பவர் இவ்வளவுதானா?" என்று கேட்டார். முந்தைய லாக் ஷீட்டைக் காட்டினோம். "அப்ப இன்னிக்கு ஏன் காட்டல?" என்றார். 'சந்தேகம்' மெஷரிங் சிலிண்டரை அவர் கையில் கொடுத்தான். அதற்கப்புறம் அவர் எஞ்சின் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. சிலிண்டரைத் தானே இரண்டு முறை குலுக்கிப் பார்த்தார். மார்க் எவ்வளவு என்று இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை தெரியாது.

எஞ்சினைத் திருப்பிக் கொடுத்த அன்று அண்ணன் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரும் சமம். "சரி, பதில் சொல்லுங்க" என்றார். சொன்னோம்: "அண்ணே, ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் இருக்கு, எத்தனால்ல 21தான். கலந்து கணக்குப் போட்டா, சுத்த பெட்ரோலைவிட இ20-ல லிட்டருக்கு ஏழு சதவிகிதம் கிட்ட குறையும். இதுக்கு முன்னாடி ஓடுன இ10-ஐவிட மூணு, நாலு சதவிகிதம்." நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும், சுத்த பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களுக்கு 6 முதல் 7 சதவிகிதம் என்றும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவிகிதம் என்றும்தான் மதிப்பிட்டது. அண்ணன் மனக்கணக்குப் போட்டார். "அப்ப பதினஞ்சு குடுத்தது பதினாலு, பதினாலரை குடுக்கும். பத்துதான் குடுக்குதுன்னு வர்றவனுக்கு?" "டயர்ல காத்து, ஏர் ஃபில்டர், பிளக் பாருங்க அண்ணே. எத்தனால் மேல மட்டும் பழி போடாதீங்க. பழைய வண்டின்னா ரப்பர் ஹோஸும் பாத்துருங்க." அவர் சிரித்தார். "அது சரி தம்பி, அந்தத் தண்ணி டெஸ்ட்டு எப்படின்னு இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொல்லிக்கொடுத்தோம். எஞ்சின் ஜூன் முதல் வாரமே விற்றுவிட்டது.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் நிற்கப்போகிற இடத்தில் வோல்ட்மீட்டரோ, பிரஷர் கேஜோ, லெவலிங் கருவியோ இருக்கும். அது ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதை நேராக அளக்கிறது? எதை நினைத்துக்கொண்டு பெருக்கிக் காட்டுகிறது? எது இதற்குத் தெரியவே தெரியாது? மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொஞ்சம் தண்ணீரும் மாதிரி மலிவான பொருளில்தான் இருக்கும். டிப்ளமோக்காரன் கையில் விலையுயர்ந்த கருவி இல்லாமல் இருக்கலாம். குலுக்கிப் பார்க்கிற கை இருக்கிறதே!

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு